நடையா, எடையா? மாதவிடாய் நின்ற பிறகு எலும்புக்கும் தசைக்கும் எது உதவும்

தினமும் ஒரு மணி நேரம் நடந்தும் எலும்பு அடர்த்தி ஏன் குறைகிறது? ஐம்பதைத் தாண்டிய பெண்கள், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கையைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி இது. எங்கள் பதில்: நடையை விட வேண்டாம், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குங்கள். ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது, குறி எலும்பும் தசையும்தான் என்றால் எடைக்கே எங்கள் ஓட்டு.

கடைசி மாதவிடாயை ஒட்டிய சில ஆண்டுகளில் முதுகெலும்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் அடர்த்தியை இழக்கிறது. எலும்பை அரிக்கும் செல்களை அதுவரை அடக்கி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன். அது வற்றியதும் அரிப்பு வேகமெடுக்கிறது, புதிதாகக் கட்டும் வேலை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. தசையில் சட்டென்று விசை கொடுக்கும் இழைகள்தான் அதிகம் மெலியும். கால் தடுக்கும்போது நம்மை ஊன்றி நிறுத்துபவை அவையே.

நடையின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: இதயம், சர்க்கரை, தூக்கம், மனநிலை. செலவும் இல்லை. எலும்பு என்று வந்தால், தொடையெலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதிக்குச் சிறிது பலன் உண்டு. முதுகெலும்புக்கு நடை மட்டும் போதவே போதாது. நீச்சலும் சைக்கிளும் இந்த விஷயத்தில் நடையைவிடப் பின்தங்கியவை, உடல் எடையை எலும்பு தாங்க வேண்டியதில்லை என்பதால்.

தேர்வைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: சுமையைக் கூட்டிக்கொண்டே போக முடியுமா? எலும்புக்குள் இருக்கும் செல்கள் எலும்பு எவ்வளவு வளைகிறது என்பதை உணர்பவை. பழகிப்போன சுமைக்கு அவை அசைவதில்லை, பழக்கத்துக்கு மீறிய சுமை வந்தால்தான் கட்டச் சொல்லி ஆணை போகும். 60 கிலோ பெண் ஒருவர் நடக்கும்போது எலும்பில் இறங்கும் சுமை பல ஆண்டுகளாகப் பழகியது. ஒரு மணி நேர நடையை இரண்டு மணி நேரமாக்கினாலும் அதே சுமைதான் திரும்பத் திரும்ப வரும். எடையை மட்டும் இன்று 5 கிலோ, அடுத்த மாதம் 7, அதற்கடுத்து 10 என்று ஏற்றலாம். ஒரு கிலோ டம்பெல்லையே மூன்று ஆண்டுகள் ஆட்டுகிறவர்களுக்குப் பலன் கிடைக்காததும் இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் இதைச் சோதித்தது. ஒரு பிரிவினர் பயிற்றுநர் மேற்பார்வையில் வாரம் இருமுறை, 30 நிமிடம், 8 மாதங்கள் கனமான எடை தூக்கினார்கள், குதித்து இறங்கும் பயிற்சியும் செய்தார்கள். அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தக் கனத்தை வீட்டில் தனியாக முயலக் கூடாது.

வீட்டுக்கு ஏற்ற தொடக்கம் இப்படி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கை ஊன்றாமல். 10 முறை சுலபமானதும் 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். அடுத்து வாளி தூக்குதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு சுலபம். வாளியை முக்காலிமேல் வைத்து, முதுகு நேராக, இடுப்பை மட்டும் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து தூக்குங்கள். கைக்கும் தோளுக்கும் சுவரைத் தள்ளும் தண்டால், பழகியதும் சமையல் மேடையைப் பிடித்து. ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை, 3 சுற்று, நடுவில் இரண்டு நாள் ஓய்வு. முடிக்கும்போது இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்ற அளவுக்குக் களைப்பு வர வேண்டும். அதற்கு மேலும் சுலபமாக வந்தால் ஒரு கிலோ கூட்டுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது மூச்சில்தான். அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும், சிறுநீர்க் கசிவு இருப்பவர்களுக்கு அது கூடும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். ஸ்கேன் அறிக்கையில் வரும் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்ட மதிப்பெண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தாலோ, ஏற்கெனவே எலும்பு முறிந்திருந்தாலோ, மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். முதுகை வளைத்துக் குனிவது, சிட்-அப், உட்கார்ந்து முன்னால் குனிந்து காலைத் தொடும் பச்சிமோத்தானாசனம் மூன்றும் அவர்களுக்கு ஆகாது. முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கிவிடலாம்.

தட்டில் புரதம் இல்லாமல் தசை கட்டாது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 60 கிலோவுக்கு 60 முதல் 72 கிராம். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் 10 கிராமைத் தொடாது. இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கூடவே இருக்கட்டும். கால்சியம் நாளுக்கு 1200 மி.கி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 கிடைக்கும். சுமை இல்லாமல் கால்சியம் மாத்திரை மட்டும் எலும்பைக் கட்டிவிடாது.

உடல் திடீரென்று சூடாகி வியர்ப்பதற்கும் எடைப் பயிற்சி உதவுமா? சுவீடனில் 65 பெண்களிடம் நடந்த 15 வார ஆய்வில் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஆய்வு சிறியது, அதை மட்டும் நம்பி எடை தூக்கச் சொல்லமாட்டோம். மனச்சோர்வுக்கு நடையும் எடையும் இரண்டுமே உதவும். காலை வெயிலில், தோழிகளோடு பேசிக்கொண்டே போகும் நடைக்கு அதில் தனி இடம் உண்டு.

மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மனம் உடைய வேண்டாம். எலும்பின் ஒரு புதுப்பிப்புச் சுற்றுக்கே பல மாதங்கள் ஆகும். ஓராண்டுக்குப் பிறகு, முடிந்தால் அதே கருவியிலேயே எடுங்கள். கருவி மாறினால் 2, 3 சதவீத வித்தியாசத்துக்குப் பொருளே இருக்காது. அதுவரை பலனைப் பார்க்க ஒரு நாற்காலி போதும்: 30 நொடிகளில் கை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள்.