டேப்பா, ஸ்டென்சிலா, கோலப் புள்ளியா? பழைய மரச் சாமானுக்குப் பெயின்ட்டில் ஒரு புது முகம்

பெயின்ட் டின்னில் "அடுத்த பூச்சு 16 மணி நேரம் கழித்து" என்று அச்சடித்திருந்தது. அதை எழுதியவர் கொழும்பு வெயிலில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். ஹட்டன் பக்கத்தில் எங்கள் வீட்டு இஸ்தோப்பில், ஜூன் மாத மழையில், அதே எனாமல் மூன்றாம் நாளும் விரலைப் பிடித்தது.

பழைய லாச்சி மேசையிலோ அலுமாரியிலோ முக்கோணம், வைரம், அறுகோணம் என்று வரைய பல வழிகள் உண்டு. வீடியோக்களில் பார்த்தால் எல்லாமே ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிற எங்களுக்கு முதல் கேள்வி வேறு: இந்த முறையில் வேலை முடிவதற்குள் பெயின்ட் எத்தனை தடவை காய வேண்டும்? அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் மூன்று சாமானில் மூன்று முறையைச் செய்து பார்த்தேன். மூன்று லாச்சி உள்ள பலா மர மேசை ஒன்று, லயத்துக் காம்பிராவிலிருந்து வந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்று, வட்டப் பலகை போட்ட ஸ்டூல் ஒன்று.

வாங்கும்போது ஒரு விஷயம். மரத்தில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் இருப்பதற்காகவே பயப்பட வேண்டாம். சாமானைத் தட்டிப் பாருங்கள். புதிதாக மர மாவு கொட்டினால் மரத்தை அரிக்கிற உளு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது, விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம், முதிரை, கருங்காலி மாதிரி அருமையான மரம் கையில் கிடைத்தால் பெயின்ட் பக்கமே போகாதீர்கள். நான் ஒரு முதிரைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனபோது மர வேலை பாஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தங்கச்சி, இதுக்கு மேல பெயின்ட்டா? பாவம் புடிக்கும்" என்றார். அந்தக் கதிரை இப்போது வெறும் மெழுகு பாலிஷோடு இருக்கிறது.

முதலில் டேப். டேப் முறையில் இரண்டு ரகம் இருக்கிறது, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எல்லோரும் செய்கிற ரகம் இது: ஒரு முக்கோணத்தைச் சுற்றி வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்ளே நிறம் அடித்து, டேப்பை உரித்து, பக்கத்து முக்கோணத்துக்கு நகர்வது. பக்கத்து முக்கோணத்துக்கு ஒட்டுகிற டேப் முந்தின நிறத்தின் மேல்தான் உட்கார வேண்டும். அது காயாமல் ஒட்ட முடியாது. ஆக, ஒன்றையொன்று தொடும் வடிவங்கள் ஒரே நாளில் நடக்காது. முக்கோணமும் சதுரமும் மாறி மாறி இரண்டே நிறத்தில் முடிந்துவிடும். அறுகோணத்துக்கு மூன்று நிறம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நிற அறுகோணம் இரண்டு பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடும். நிறம் கூடக் கூட காத்திருப்பும் கூடுகிறது. மூன்று நிறத்தை நான் ஜூன் மாதத்தில் முயன்றேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்த நீலத்தின் மேல் டேப்பை ஒட்டினேன். உரித்தபோது நீலம் மொத்தமும் டேப்போடு வந்துவிட்டது. கீழே பலா மரம் மஞ்சளாகச் சிரித்தது.

இரண்டாவது ரகத்தை அதற்குப் பிறகுதான் பிடித்தேன். அடி நிறத்தை அடித்து நன்றாகக் காயவிட்டு, கோடு வர வேண்டிய இடங்களில் மட்டும் டேப்பை ஒட்டிவிட வேண்டியது. டேப்புதான் கோடு. 12 மில்லிமீட்டர் டேப் ஒட்டினால் 12 மில்லிமீட்டர் அகலத்தில் அடி நிறம் கோடாக நிற்கும். முக்கோணங்கள் எதுவும் ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் டேப் படுத்திருக்கிறது. ஆகவே பச்சை, செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள் எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் அடிக்கலாம். காய வேண்டியது அடி நிறத்துக்கு ஒரு தடவை, முக்கோணங்களுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். டேப்பில் மழை ஊருக்கு இதைவிட ஒத்துப்போகிற ரகத்தை நான் பார்க்கவில்லை.

என் லாச்சிகளின் முகப்பு 90 சென்டிமீட்டர் அகலம், 26 உயரம். சம பக்க முக்கோணத்தின் உயரம் அதன் பக்கத்தில் 0.866 பங்கு. பக்கம் 15 என்று எடுத்தால் உயரம் 13. அகலத்தில் ஆறு, உயரத்தில் இரண்டு வரிசை, ஓரத்தில் அரை முக்கோணம் சமமாக விழுந்தது. எல்லா மேசையும் இப்படி வரம் கொடுக்காது. அகலத்தை முழு எண்ணால் வகுத்து, வருகிற விடையைப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் மிஞ்சுவதை அடியில் விட்டுவிட்டால் யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை.

கசிவுதான் டேப்பின் சாபம். இரண்டு டேப் குறுக்கே போகிற சந்தியில் ஒரு சின்னப் படி உண்டாகும், பெயின்ட் அதன் அடியில் நுழையும். கரண்டியின் முதுகால் ஒவ்வொரு சந்தியையும் அழுத்தித் தேய்த்தேன். அப்புறம் டேப்பின் ஓரங்களில் அடி நிறத்தையே மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்தேன். கசிய வேண்டியது அந்த நிறமாகவே கசிந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும், பிறகு வேறு நிறம் உள்ளே போக வழியில்லை. உரிப்பது கடைசி பூச்சு முழுக்கக் காயும் முன்னால், கடைசியாக ஒட்டினது முதலில், டேப்பைத் தன் மேலேயே மடித்துச் சாய்வாக இழுத்து. காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பல்லுப் பல்லாக வரும்.

இதற்கு எமல்ஷன், அதாவது தண்ணீர்ப் பெயின்ட்தான். எனாமல் நூல் நூலாக இழுபடும், காயவும் வழியில்லை. எனாமல் எண்ணெய்ப் பெயின்ட், காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகுவது. குளிரில் அந்த வேலை மந்தமாகிவிடுகிறது. தண்ணீர்ப் பெயின்ட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. 10 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் படலம் சரியாகச் சேராமல் மாவு மாதிரி உதிரும். நுவரெலியாவில் ஜனவரி இரவு அதற்கும் கீழே போகும், ஆகவே வெயில் இறங்கும் முன்னால் சாமானை வீட்டுக்குள் இழுத்துவிட வேண்டும்.

எமல்ஷன் அடிக்கு முன்னால் பலா மரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். வெள்ளை அடித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் டீ சிந்தின மாதிரி மஞ்சள் திட்டுகள். இன்னொரு பூச்சு அடித்தேன், அதன் மேலும் வந்தது. பலாக் கட்டையின் சாயத்தில் பிக்குமார் காவி தோய்த்த நாடு இது. அந்தச் சாயம் தண்ணீர்ப் பெயின்ட்டைக் கண்டால் சும்மா இருக்குமா? மேலே இருந்ததைத் தேய்த்து எடுத்து, அரக்கு பாலிஷ் இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்த பிறகுதான் அடங்கியது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு குளிரிலும் சீக்கிரம் காயும். பனி மூட்டத்தில் மட்டும் அடிக்காதீர்கள், வெளுத்துப்போகும். பழைய சாமானில் ஏற்கெனவே பெயின்ட் இருந்தால் காய்ந்த சாண்ட் பேப்பர் போட வேண்டாம். எந்தக் காலத்துப் பெயின்ட்டோ, ஈயம் இருக்கலாம், தூசி பிள்ளைகளுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்து 120 நம்பரில் தேய்த்து, 220இல் முடித்து, துணியால் துடைத்து எடுங்கள்.

அடுத்தது ஸ்டென்சில், வடிவம் வெட்டிய தாளை வைத்து அதன் ஓட்டை வழியாக நிறம் ஏற்றுவது. தேயிலைப் பெட்டிக்கு இதைத்தான் எடுத்தேன். ஏற்றுமதித் தேயிலை பிளைவூட் பெட்டிகளில் போன காலம் ஒன்று இருந்தது, ஓரமெல்லாம் தகரப் பட்டி அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டி. இப்போது கடதாசிச் சாக்குதான். மிஞ்சின பெட்டிகள் லயங்களில் அரிசி வைக்கவும், சாமிப் படம் வைக்கவும் ஆகின. மெல்லிய பிளைவூட், சின்னச் சின்ன வைரங்கள் நெருக்கமாக வந்தால்தான் அதற்கு எடுக்கும். அவ்வளவு சின்ன வடிவத்துக்கு டேப் வெட்டிக்கொண்டிருந்தால் கண் போய்விடும்.

அப்பாவின் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் கட்டரால் வைரங்களை வெட்டினேன். கடைகளில் விற்கிற பிளாஸ்டிக் தாளைவிட அது நன்றாகவே விறைத்து நின்றது. தூரிகையைக் கடதாசியில் துடைத்து, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். படலம் அவ்வளவு மெல்லியது என்பதால் கொஞ்ச நேரத்திலேயே தொடலாம், அடுத்த இடத்துக்கு ஃபிலிமை நகர்த்தலாம். காயும் கணக்கில் இது டேப்பையும் முந்துகிறது. பெட்டியின் நாலு பக்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தன.

ஆனால் ஸ்டென்சிலுக்குச் சேர்ந்துகொண்டே போகும் பிழை உண்டு. ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு மில்லிமீட்டர் சரிந்தால், பன்னிரண்டாவது இடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தப்பியிருக்கும். நான் இடது மூலையில் ஆரம்பித்தேன், வலது மூலையில் வைரம் பாதியிலேயே நின்றது. நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் போனால் பிழை பாதியாகும். இன்னொன்று, கோடு கூர்மையாக வராது. பஞ்சு ஓரம் மாதிரி ஒரு மங்கல் இருக்கும். தும்பறைப் பாய் பார்த்தவர்களுக்கு அந்த மங்கல் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கண்டிக்குப் பக்கத்தில் நாரில் நெய்கிற அந்தப் பாய்களில் வைரமும் முக்கோணமும் சிவப்பிலும் கறுப்பிலும் நெசவுக்கே உரிய படிகளோடு நிற்கும், அடிமட்டம் வைத்த நேர்த்தியை அங்கே யாரும் தேடுவதில்லை.

இந்தப் பெட்டியில் நான் செய்த மடத்தனம் வேறு. மறுநாளே மேலே பத்திரிகைக் கட்டைத் தூக்கி வைத்தேன். எமல்ஷன் தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் உள்ளே முழுக்க இறுக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். பத்திரிகையை எடுத்தபோது ஒரு மணமகள் தேவை விளம்பரம் கண்ணாடியில் தெரிகிற எழுத்தாக மூடியில் ஒட்டியிருந்தது. அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

இனி கைவேலை. வட்ட ஸ்டூலில் டேப்பும் ஒத்துவரவில்லை, ஸ்டென்சிலும் ஒத்துவரவில்லை. நான் கவராயம் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா சோக்கட்டியை எடுத்து வந்து, "ஏழு நாலு ஊடுபுள்ளி வை, அதுவே சரியா உக்காந்துக்கும்" என்றார். நேர்ப்புள்ளி சதுரமும் வைரமும் தரும். ஊடுபுள்ளியில் ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இடைவெளியில் விழுவதால் முக்கோணமும் அறுகோணமும் தானாக வருகின்றன. 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளிகள், வெளி உருவம் அச்சாக ஓர் அறுகோணம். பலகையின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். புள்ளிக்குப் புள்ளி 4.5 வைத்தோம், நடு வரிசை 27, ஓரத்தில் ஒன்றரை மிச்சம். அம்மா கணக்குப் போடவில்லை, விரலை வைத்து அளந்தார்.

கோடு இழுக்க மட்டும் எனாமல்தான் வாகு. எமல்ஷன் மெல்லிய தூரிகையில் இழுபடாமல் அங்கங்கே நின்றுவிடும். எனாமல் வழுக்கிக்கொண்டு ஓடும், கை நடுங்கின இடத்தைத் தானே கொஞ்சம் சமன் செய்துகொள்ளும். தவறினால் தின்னர் தொட்ட துணியால் துடைக்கலாம். வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாததால் ஒரே உட்காரல். பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் ஒரு மூலையில் காயட்டும், நமக்கு அடுத்த வேலை எதுவும் அதன் மேல் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு கோடு தடித்து ஒரு கோடு மெலிந்துதான் இருக்கிறது. என் கண்ணுக்கு மூன்றிலும் உயிருள்ளது இந்த ஸ்டூல்தான். ஆனால் ஆறு லாச்சிக்கு இதைச் செய்யச் சொன்னால் ஓடிவிடுவேன்.

ஸ்டிக்கர் ஒட்டுவதையும் கேட்கிறார்கள். குவாட்டர்ஸில் இரண்டு வருடம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போகிறவர்களுக்குச் சரி. மற்றபடி பனிக்காலத்தில் ஓரம் எழும்பும், எழும்பின இடத்தில் அழுக்கு போய் உட்காரும்.

எந்த முறையானாலும் சாமானின் பின் பலகைக்கும் ஒரு பூச்சு கொடுங்கள். ஒரு முகம் மட்டும் பெயின்ட் குடித்தால் மெல்லிய பலகை வளையும். சுவரோடு ஒட்டி வைத்தால் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும், நாலு விரல் இடம் விட்டு வையுங்கள்.

காலம்தான் மிச்சம் இருக்கிற பேச்சு. தேயிலைக்கு ருசி ஏறுகிற மாதங்கள்தான் பெயின்ட்டுக்கும் நல்ல மாதங்கள் என்பதை எனக்குச் சொன்னது ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காரர். ஹட்டன், தலவாக்கலை அடங்கிய டிம்புள்ள பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாப் பக்கம், பண்டாரவளை, பதுளையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, நாங்கள் மழையில் நனைகிற அதே நேரத்தில் அங்கே காய்ந்த காற்று வீசும். இரண்டு கதவு உள்ள பெரிய அலுமாரி ஒன்று போன வாரம் வந்திருக்கிறது. டேப் கோடு முறைதான், முக்கோணம் பெரிது, பக்கம் 20. பண்டாரவளையில் சித்தி வீட்டுக்கு அனுப்பி அங்கேயே அடித்து வாங்கிவிடலாம் என்று யோசித்தேன். லொறிக்காரர் சொன்ன கூலி அலுமாரியின் விலையைத் தாண்டியது. அது இப்போது இஸ்தோப்பில் சாக்குப் போர்த்திக்கொண்டு ஜனவரிக்காக நிற்கிறது.