பூனைக் கண்ணுக்கு ஃபுளோரசீன் தாள்: 5க்கு 4

கோர்னியாவில் (கருவிழி மேலுள்ள தெளிந்த படலம்) புண் இருந்தால் பச்சையாகக் காட்டுகிற சாயத்தாள் இது. மனிதக் கண்ணைச் சோதிக்கிற அதே தாள்தான். பூனைக்கென்று வேறு தேடத் தேவையில்லை. பெட்டிக்கு 100, ஒவ்வொன்றும் தனி உறையில். நுனியில் 1 மில்லிகிராம் செம்மஞ்சள் சாயம். போத்தலில் வரும் கரைசலை நாங்கள் வாங்குவதில்லை. ஒருமுறை திறந்தால் அதற்குள் சூடோமொனாஸ் கிருமி குடியேறலாம். புண்பட்ட கண்ணில் அதைச் சொட்டுவதைப்போல் வில்லங்கம் வேறில்லை.

வன்னியில் காலபோக நெல்லுச் சூடடிப்பு நேரம் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு பூனைகள் வரும். வளர்ப்பவர்கள் பதர் விழுந்தது என்பார்கள். சிலவேளை அது சரி. அனேகமாக மற்றப் பூனையின் நகக் கீறல் அல்லது ஹெர்பிஸ் வைரஸ். இலையுதிர்ந்த முருங்கைக் கொப்புப்போல மெல்லிய பச்சைக் கோடுகள் கிளைவிட்டால் ஹெர்பிஸ்தான், யோசிக்க வேண்டாம்.

கண்ணீர் அளவு பார்ப்பதும் கிருமிச் சோதனைக்குச் சுவாப் எடுப்பதும் சாயத்துக்கு முன்னர். பூனையைத் துவாயால் சுற்றி, தாள் நுனியில் ஒரு துளி சேலைன் விட்டு, மேலிமையைத் தூக்கி வெள்ளைவிழியில் மட்டும் தொடுங்கள். காய்ந்த தாள் கோர்னியாவில் பட்டால் பட்ட இடமே பச்சையாகும். இல்லாத புண்ணுக்கு மருந்து எழுதப்படும். இரண்டுதரம் இமைக்கவிட்டு, ஊசி கழற்றிய சிறிஞ்சால் 5 மில்லிலீற்றர் சேலைன் அடித்துக் கழுவுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: ஒரு சொட்டோடு நிறுத்தினால் பீளையில் தங்கிய சாயமும் புண்போலவே மின்னும்.

பிறகு அறையை இருட்டாக்கி கோபால்ட் நீல வெளிச்சம். பெட்டியோடு ரோச் வராது, தனியே வாங்கவேண்டும். காசுத்தாள் பார்க்கிற ஊதா ரோச் சரிவராது, கண்ணுக்கும் கூடாது.

விளிம்பு பச்சையாகி நடுக்குழி தெளிவாக இருந்தால் ஆறுகிறது என்று நினைக்கவேண்டாம். புண் கடைசிப் படலம்வரை போய்விட்டது, அந்தப் படலம் சாயம் பிடிக்காது. கழுத்தை இறுக்காமல், கண்ணை அமத்தாமல் உடனே வைத்தியரிடம் கொடுங்கள். நடுவில் கறுப்புப் பொட்டு இருந்து அது நிறமெடுக்காவிட்டால் சீக்குவெஸ்ட்ரம், அதாவது கோர்னியாவில் செத்துக் கறுத்த பகுதி. பாரசீகப் பூனைகளில் இது அதிகம். கண்ணழுத்தமும் உள்ளழற்சியும் இந்தத் தாளில் தெரியாது. ஆகவே பச்சை இல்லை என்றால் புண் இல்லை என்று மட்டுமே அர்த்தம்.

இந்தப் பெட்டியின் உண்மையான பெறுமதி ஸ்ரீரொய்ட் சொட்டுகளைத் தடுப்பதில் இருக்கிறது. கண் சிவந்தால் டெக்சாமெதசோன் என்ற ஸ்ரீரொய்ட் கலந்த போத்தலைத் தூக்குகிற பழக்கம் எங்கும் உண்டு. புண்ணுள்ள கண்ணில் அது ஓட்டை விழும்வரை கொண்டுபோகும்.

ஒரு புள்ளி குறைத்தது உறைக்காக. கோணலாகக் கிழிந்து, விரல் தாளின் நுனியில் பட்டுவிடுகிறது. மாரியில் ஈரம் ஏறினால் சாயம் தாள் முழுக்க ஊறும், அதைக் கழித்துவிடுங்கள். மூடி இறுகிய டப்பாவில், வெளிச்சம் படாமல் வைத்தால் போதும். பிரிட்ஜ் வேண்டாம், எடுத்தவுடன் வேர்த்துவிடும். கையுறை போடுங்கள். வெள்ளைக் கோட்டில் பட்ட செம்மஞ்சள் இலேசில் போகாது.