பழைய டஞ்சன் வரைபடங்களும் இணைய மேசையும்: சில வருட அனுபவம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு. அதன் பழைய சாகசங்களின் வரைபடங்களை இணையத்தில் விளையாடுவதற்கேற்ப மறுபடி வரைவது சில வருடங்களாக என் வார இறுதிகளை விழுங்கி வருகிறது. பல மென்பொருள்களைத் தொட்டு விட்டதில் கையில் தங்கியவை மூன்று. ஸ்கேன் படத்தை நேராக்க கிம்ப், வரைவதற்கு டஞ்சன்டிராஃப்ட், விளையாடுவதற்கு ஃபவுண்ட்ரி. மூன்றின் மீதும் எனக்குப் பெரிய குறை இல்லை. இந்த வேலையில் இடறவைப்பது வேறொன்று: அந்த வரைபடங்கள் ஆட்டக்காரர்களின் கண்ணுக்காக வரையப்பட்டவையே அல்ல.

1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும் வந்த சாகசப் புத்தகங்கள் பலவற்றில் வரைபடம், தனியே கழன்று வரும் அட்டையின் உட்புறத்தில் வெளிர் நீலத்தில் அச்சாகியிருக்கும். அட்டையைத் தடுப்பு போல நிறுத்தி வைத்துக்கொண்டு, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தான் பார்ப்பதை வாயால் சொல்லுவார். "முப்பது அடி வடக்கே போனால் பாதை கிழக்கே திரும்புகிறது." எதிரே ஒருவர் அதைக் கேட்டுக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டே வருவார். மேப்பர் என்று அந்தப் பொறுப்புக்குப் பெயரே உண்டு. அவர் தப்பாக வரைந்தால் குழு முழுக்க வழி தவறும். இந்த ஏற்பாட்டுக்காகப் பிறந்த படத்தைத் திரையில் அப்படியே விரித்துவிட்டால் ஆட்டத்தில் ஒரு பாதி காணாமல் போகிறது.

அதற்கு முன் அளவுக் கணக்கைப் பார்த்துவிடலாம். எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பழைய வரைபடங்களில் பெரும்பாலும் ஒரு கட்டம் 10 அடி. இன்றைய விதிகளில் சண்டைக்கு ஒரு கட்டம் 5 அடி. ஆகவே பழைய கட்டம் ஒன்று புதிதாக நான்காகிறது. 60க்கு 40 கட்டங்கள் கொண்ட பழைய தளம் 120க்கு 80 ஆகிவிடும். கட்டத்துக்கு 100 பிக்சல் என்று வைத்தால் படம் 12,000க்கு 8,000 பிக்சல். வெப்பி (WebP) என்னும் பட வடிவத்தில் சுருக்கினால் கோப்பு சிறிதாகும், இறக்கிக்கொள்வதும் விரைவாகும். ஆனால் திரையில் காட்டும்போது படம் முழுதாக விரிந்துதான் ஆக வேண்டும்: பிக்சலுக்கு 4 பைட் வீதம் 384 மெகாபைட் கிராஃபிக்ஸ் நினைவகம். பழைய மடிக்கணினியில் விளையாடும் நண்பர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். கட்டத்துக்கு 50 பிக்சல் போதும். அதே தளம் 96 மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. கோட்டுச் சித்திரமாக இருந்தால் தரம் குறைந்ததாக யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

ஸ்கேன் படத்தின் மேல் கட்டத்தைப் பொருத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மடிப்பு விழுந்த தாள், கையால் இழுத்த கோடுகள், லேசான சாய்வு. ஒரே கட்டத்தை அளந்து பெருக்கினால் மறு ஓரத்தில் அரைக் கட்டம் விலகி நிற்கும். இருபது முப்பது கட்டங்களைச் சேர்த்து அளந்து வகுப்பதே சரி. அப்படியும் பொருந்தாவிட்டால் ஸ்கேனைக் கீழே மங்கலாக வைத்து, மேலே புதிதாக வரைந்துவிடுகிறேன். ஒட்டுப்போட்டுத் திருத்துவதைவிட அது விரைவில் முடிகிறது.

சுவர்களில் கஞ்சத்தனம் நல்லது. குகையின் ஒவ்வொரு நெளிவையும் பார்வைச் சுவராக, அதாவது பாத்திரங்களின் பார்வையை மறிக்கும் கோடாகப் போட்டால் துண்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். பாத்திரத்தைக் குறிக்கும் வில்லையான டோக்கன் ஒவ்வொன்றும் அசையும்போது அத்தனையையும் கணக்கிட வேண்டியிருப்பதால் ஆட்டம் திணறும். நான் நீளமான கோடுகளாக, வரைந்த விளிம்புக்குச் சற்று உள்ளே பாறைக்குள் தள்ளிப் போடுகிறேன். பாறையின் ஓரம் கண்ணில் படும், அறையும் அறையாகத் தெரியும். ரகசியக் கதவைக் குறிக்கும் 'எஸ்' எழுத்து, பொறி, மறைகுழி எதையும் படத்தில் வரையவே கூடாது. ஆட்டக்காரர் இன்னும் பார்க்காத இடத்தை மறைக்கும் இருட்டு என்பது திரையின் மேல் விழும் மூடிதான். படக் கோப்பு முழுசாக ஆட்டக்காரரின் கணினிக்குப் போயிருக்கும். ஃபவுண்ட்ரியில் ரகசியக் கதவு என்று தனி வகை உண்டு. மற்றவர்களுக்கு அது வெறும் சுவர்.

இனி மேப்பர் விஷயம். 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' சாகசத்தில் ஏ முதல் கே வரை எழுத்திட்ட குகைகள் இருக்கின்றன. அதில் காளைத் தலை கொண்ட அரக்கனான மினோட்டார் வாழும் குகை ஒரு புதிர்வழி. உள்ளே நுழைந்தவர்களின் திசையுணர்வை ஒரு மந்திரம் குலைக்கிறது. கேம் மாஸ்டர் திசைகளை மாற்றிச் சொல்லி மேப்பரைக் குழப்ப வேண்டும். அழகாக வரைந்து, விளக்கொளி அமைத்து, நடந்த இடமெல்லாம் திரையில் தங்கும்படி விட்டால் அந்த மந்திரத்துக்கு என்ன வேலை? இந்தக் குகையை நான் வரைவதே இல்லை. வெறும் கட்டத் தாளைத் திரையில் போட்டு, ஒருவர் கையில் பேனாக் கருவியைக் கொடுத்துவிட்டு வாயால் சொல்கிறேன். சண்டை வந்தால் மட்டும் அந்த ஒரு மூலைக்குச் சின்னப் படம். எங்கள் குழுவில் அதிகம் சத்தம் போட்டுச் சண்டையிட்டது மினோட்டாருடன் அல்ல, மேப்பருடன்தான்.

அலங்காரத்திலும் இதே எண்ணம்தான் எனக்கு. மரத்தரை, கம்பளம், சிதறிய எலும்பு என்று படத்திலேயே இழைத்துவிட்டால் அறை இறுகிவிடுகிறது. 1979இல் வந்த 'இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்' சாகசம் எந்த அறையில் எந்த அரக்கன், எந்தப் புதையல் என்பதைக் கேம் மாஸ்டரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று காலியாக விட்டிருந்தது. சுவர், படி, தூண் போன்ற அசையாதவற்றை மட்டும் படத்தில் வைத்து, மேசை நாற்காலிகளைத் தனித் துண்டுகளாக மேலே வைத்தால் அந்தச் சுதந்திரம் மிச்சமாகும். கடைகளில் விற்கும் பளபளப்பான படத்தொகுப்புகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. நான் வாங்கியவற்றில் பெரும்பகுதி திறக்கப்படாமலே கிடக்கிறது.

'ரேவன்லாஃப்ட்' தனி ரகம். 1983இல் வெளியான அந்தச் சாகசத்தின் கோட்டை, சாய்கோணத்தில், உயரமும் தெரியும்படி வரையப்பட்டது. எந்தச் சுழற்படி எந்தக் கோபுரத்துக்கு ஏறுகிறது என்பதைப் பார்த்ததும் பிடித்துவிடலாம். அதைத் தளம் தளமாகத் தட்டையாக்கினால் டோக்கன் நகர்த்த வசதி. ஆனால் கோட்டையின் உடம்பு கலைந்துபோகிறது. தட்டையாக்கிய தளங்களில் படிகளின் இடத்தைக் கட்டம் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவதற்கே பல மாலைகள் போகும். முழுக் கோட்டையையும் மாற்றும் எண்ணத்தை நான் விட்டுவிட்டேன். மூலப் படம் என் பக்கத்தில் தாளாக இருக்கிறது. திரைக்கு வருவது தேவாலயம், கல்லறை அடித்தளம் போலச் சண்டை நடக்கக்கூடிய இடங்கள் மட்டும். மற்ற இடங்களை ஆட்டக்காரர்கள் காதால் கேட்டுக் கடந்துபோகிறார்கள்.