கால் குடைச்சலுக்கு எது சரி: மசாஜ் கன்னா, ரோலர் மெஷினா, காற்றுப் பட்டையா?

படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஒரு தவிப்பு. காலை ஆட்டினாலோ எழுந்து நடந்தாலோ அடங்கும், திரும்பப் படுத்தால் மறுபடி தொடங்கும். டாக்டர் சீட்டில் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று எழுதுகிற இந்தத் தொல்லைக்காக மூன்று வகைக் கருவிகளையும் பயன்படுத்திவிட்டேன். கையில் பிடித்துக்கொண்டு தசையைத் தட்டும் மசாஜ் கன் மகனுடையது, காலை உள்ளே வைத்தால் பிசைந்துவிடும் ரோலர் மெஷின் அக்கா வீட்டில் இருந்து வந்தது, காலில் சுற்றிக்கொள்ளும் காற்றுப் பட்டை நானே வாங்கியது. இப்போது தினமும் கைக்கு வருவது பட்டைதான், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மசாஜ் கன் மூன்றிலும் மலிவு, ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்ளலாம். தவிப்பு ஏறிவிட்ட நேரத்தில் ஆடுசதையில் ஓட்டினால் சட்டென்று அடங்குகிறது. ஆனால் எழுந்து உட்கார்ந்து, குனிந்து, கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் வந்த தூக்கம் போய்விடும், அந்தச் சத்தத்தில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் விழிப்பு வரும். கணுக்கால் எலும்பு, முழங்காலின் பின்குழி, நரம்பு சுருட்டிக்கொண்ட இடம் ஆகியவற்றில் இதை வைக்கவே கூடாது.

ரோலர் மெஷின் நாளெல்லாம் நின்று வேலை பார்த்தவர்களின் அலுப்புக்கு நல்லது. பாதத்தையும் ஆடுசதையையும் நன்றாகவே பிசைகிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பயன்படும், தூக்கி நகர்த்தவும் கனம். சூடு வைக்கும் வசதி இருந்தால், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் அதை அணைத்தே வைக்க வேண்டும். சூடு அதிகமானாலும் அவர்களுக்குத் தெரியாது.

பட்டைக்கு வருவோம். இரண்டு காலிலும் சுற்றி ஒட்டிக்கொள்கிறோம். உள்ளே இருக்கும் பைகளில் காற்று நிரம்பி கெண்டைக்காலைக் கவ்வும், சில நொடியில் விடும், பிறகு மறுபடி கவ்வும். கை சும்மா இருக்கும். சாய்ந்து உட்கார்ந்து செய்தி பார்க்கலாம், காய் நறுக்கலாம். கருவியைத் தேர்ந்தெடுக்க இதுதான் முக்கியமான காரணம் என்பேன். ஏனென்றால் இந்தத் தொல்லையைப் பொறுத்தவரை, எப்போது செய்கிறோம், எவ்வளவு நேரம் செய்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. அமெரிக்காவில் 35 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2009இல் வெளியானது. தவிப்பு வழக்கமாகத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே, தினமும் குறைந்தது 1 மணி நேரம், ஒரு மாதம் இந்த வகைக் காற்றழுத்தக் கருவியை அணியச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், அவர்களுக்குத் தெரியாமல், பேருக்கு அழுத்தும் கருவி. சரியான அழுத்தம் கிடைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தொல்லை முழுசாக நின்றது, மற்றப் பிரிவில் அப்படி ஒருவருக்கும் நிற்கவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் தினமும் ஒரு மணி நேரம், அதுவும் தவிப்பு வருவதற்கு முன்பே என்றால், மசாஜ் கன்னைப் பிடித்துக்கொண்டு யாரால் முடியும்? பட்டையால்தான் அது நடக்கும்.

எனக்கு இரவு சாப்பாட்டுக்கு முன் கட்டிக்கொண்டால் படுக்கும்போது கால் அமைதியாக இருக்கிறது. விட்டுவிட்ட நாட்களில் திரும்ப வருகிறது, ஆக இது தற்காலிக ஆறுதல்தான், குணமாக்கும் வைத்தியம் இல்லை. தொடை வரை ஏறும் பெரிய பூட்ஸ் வகையை நான் போட்டதில்லை, அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். வீட்டு உபயோகக் கருவிகளில் பலவும் 15, 20 நிமிடத்தில் தானாக நின்றுவிடும், திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்த வேண்டும். ரிமோட் வயரிலேயே தொங்கினால் குனிய வேண்டியதில்லை. அப்புறம் ஆடுசதையின் பருத்த இடத்தை டேப்பால் அளந்து கொண்டு போங்கள். பட்டை தளர்ந்தால் காற்று வெறுமனே உப்பும், காலைக் கவ்வாது. வெறும் காலில் கட்டினால் வியர்வையில் அரிக்கும், மெல்லிய பருத்தி பேன்ட் மேல் கட்டுங்கள்.

காலில் இரத்தக்கட்டி இருந்தவர்கள், இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள், காலுக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் ஆகியோர் டாக்டரிடம் கேட்காமல் இந்தப் பட்டையைத் தொடவே கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எந்த மசாஜும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எந்தக் கருவிக்கும் காசு கொடுப்பதற்கு முன், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச்சத்துச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதுவே இந்தத் தவிப்பைக் கிளப்பும். சாதாரண லேப் தாளில் நார்மல் என்று வந்தாலும் எண்ணைப் பாருங்கள். இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். நீங்களாக மாத்திரை போட வேண்டாம், அளவை அவர்களே சொல்லட்டும். தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரையோ மனச்சோர்வுக்கான மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சில இந்தக் குடைச்சலைக் கூட்டும்.