பேஸ் கிடாரின் டோன்: கையா, கம்பியா, பிக்கப்பா, மரமா?

பேஸ், அதாவது தாழ்ந்த சுருதிக்கான கிடார், வாசிக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இரண்டு பெயர்கள் வராமல் பேச்சு முடியாது: ஜேம்ஸ் ஜேமர்சன், ஜாக்கோ பாஸ்டோரியஸ். 1960-களில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டுடியோவில் ஜேமர்சன் வாசித்தது 1962-ம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். 1976-ல் தன் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டு பேஸ் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஜாக்கோவிடம் இருந்ததும் 1962-ம் வருஷத்து ஃபெண்டர்தான், ஆனால் ஜாஸ் பேஸ் மாடல். இரண்டுக்கும் கம்பி நீளம் 34 அங்குலம். இரண்டிலும் நெக், அதாவது கழுத்து, மேப்பிள் மரம். பேட்டரி எதிலும் கிடையாது.

ஒலியோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஜேமர்சனுடையது தடித்த, இருண்ட ஒலி. தாளத்தோடு விழுந்து சட்டென்று அடங்கிவிடும். ஜாக்கோவுடையது நடுவில் உறுமிக்கொண்டு, நீண்டு, பாடகர் சுரத்தை இழைப்பது போல வழுக்கிப் போகும். ஒரே கம்பெனி ஒரே வருஷத்தில் செய்த இரண்டு வாத்தியங்களின் டோனுக்குள், அதாவது ஒலியின் குணத்துக்குள், இவ்வளவு தூரம் எப்படி வந்தது?

"எல்லாம் விரலில்தான் இருக்கிறது" என்பது ஒரு கட்சி. "நல்ல பேஸ், நல்ல ஆம்ப் இல்லாமல் எந்த விரலும் ஒன்றும் செய்யாது" என்பது எதிர்க்கட்சி. முதல் கட்சி சொல்வதில் முக்கால்வாசி உண்மை என்பது என் கட்சி. அந்த மீதிக் கால்வாசியையும் விட்டுவிட முடியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கை

ஒலியைப் பெருக்கும் ஆம்பில் செருகாமலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கீழ் ஈ கம்பியை (சுருதி மிகத் தாழ்ந்த, தடித்த கம்பி) எந்த ஃபிரெட்டிலும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தாமல், நெக் முடிகிற இடத்துக்கு மேலே விரலின் சதைப் பகுதியால் மெதுவாக மீட்டுங்கள். உருண்டையான, ஆழமான ஒலி வரும். இப்போது கையை, கம்பிகள் உடலில் மாட்டப்பட்டிருக்கும் பிரிட்ஜ் பக்கமாக நகர்த்தி, அங்கிருந்து மூன்று விரல்கடை தள்ளி மீட்டுங்கள். கம்பி விறைப்பாகத் தெரியும், ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போலக் கேட்கும். கம்பியும் ஸ்வரமும் மாறவில்லை. மாறியது தொட்ட இடம் மட்டும்.

காரணம் எளிது. அந்த ஈ கம்பி முழு நீளத்துக்கு வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கூடவே இரண்டு பாதியாக 82, மூன்று துண்டாக 123 என்று மேலே மேலே துணை அதிர்வுகளும் ஓடுகின்றன. கம்பியின் நடுவை நெருங்கி மீட்டினால் அந்த 41 நன்றாக எழும். ஓரத்துக்குப் போகப் போக அடிப்படை அதிர்வு இளைத்து, துணை அதிர்வுகளின் கை ஓங்கும். விரலின் சதையால் மீட்டினால் அகலமான தொடுகை, அதனால் மேல் அதிர்வுகள் மழுங்கும். நுனியாலோ நகத்தாலோ பிக் என்ற சின்னத் தகட்டாலோ மீட்டினால் கூர்மையான தொடுகை, மேல் அதிர்வுகள் பளிச்சென்று வரும். ஆக, வலது கை இருக்கும் இடமே ஒரு டோன் நாப். காசு கொடுத்து வாங்கும் எந்த நாபும் இவ்வளவு தூரம் திரும்பாது.

ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். மற்ற விரல்களைப் பிக்கப்புக்கு (கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) மேல் இருந்த குரோம் மூடியில் ஊன்றிக்கொள்வார். முதலில் பெரிய நின்றுவாசிக்கும் டபுள் பேஸ் பழகியவர். அந்தப் பழக்கம் அப்படியே வந்தது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆள்காட்டி, நடுவிரல் என்று மாற்றி மாற்றி மீட்டுகிறவர்களுக்கு, விரல் நீளமும் பலமும் வேறுபடுவதால் அடுத்தடுத்த ஸ்வரங்களில் சின்ன ஏற்ற இறக்கம் வரும். ஒரே விரல் என்றால் எல்லா ஸ்வரமும் ஒரே குணத்தில் விழும். அவருடைய கம்பிகள் ஃபிரெட்டிலிருந்து நல்ல உயரத்தில் இருந்ததால், பலமாக மீட்டினாலும் ஃபிரெட்டில் மோதி இரைச்சல் எழாது. ஜாக்கோவோ பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்கு மேலேயே கையை வைத்து வாசித்தவர். அந்த உறுமலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

கையின் பங்கை இன்னும் சுத்தமாகக் காட்ட ஜேமர்சனை ஜாக்கோவோடு ஒப்பிடுவதைவிட கேரல் கேயோடு ஒப்பிடுவது நல்லது. லாஸ் ஏஞ்சலஸில் 1960-களில் கணக்கில்லாத பாடல்களுக்கு வாசித்த ஸ்டுடியோ கலைஞர் அவர். அவரிடமும் பிரிசிஷன் பேஸ்தான், அவரும் ஜேமர்சனைப் போல ஃப்ளாட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய) கம்பிதான் போட்டிருந்தார். ஆனால் வாசித்தது கெட்டியான பிக்கால். பிரிட்ஜ் அருகே கம்பிகளின் மேல் ஒரு ஃபெல்ட் துணியை மடித்து வைத்திருப்பார். ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவான ஒரு 'டிக்' சத்தத்தோடு தொடங்கும். ஜேமர்சன் வாசித்தால் அதே இடத்தில் மெத்தென்ற ஒரு தள்ளல் இருக்கும். மாடலும் கம்பி வகையும் ஒன்றாக இருந்தும் இவ்வளவு வித்தியாசம் என்றால், கைக்கு முதலிடம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இடது கையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது எனக்குப் பெரிய குறை. ஸ்வரம் எப்படித் தொடங்குகிறது என்பதில் காட்டும் அக்கறையில் பாதியை, எப்படி முடிகிறது என்பதில் காட்டினால் போதும், டோன் ஒரே மாதத்தில் மாறிவிடும். ஃபிரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் அழுத்தினால் ஸ்வரம் சுத்தமாக ஒலிக்கும். தள்ளி அழுத்தினால் கரகரக்கும். விரலை அழுத்தத்திலிருந்து தளர்த்தி, ஆனால் கம்பியை விட்டு எடுக்காமல் வைத்தால் ஸ்வரம் அங்கேயே நிற்கும். டிரம்ஸின் ஸ்னேர் விழும் நேரத்தில் அப்படி நிறுத்திப் பாருங்கள். முழு பேண்டும் திடீரென்று இறுக்கமாகக் கேட்கும். அதைக் கேட்கிறவர் "பேஸ் டோன் அருமை" என்றுதான் சொல்வார்.

கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் முறை தனி உலகம். லாரி கிரஹாம், தன் அம்மாவோடு சேர்ந்து டிரம்ஸ் இல்லாமல் வாசிக்க வேண்டி வந்தபோது, காலால் அடிக்கும் பேஸ் டிரம்முக்குப் பதில் கட்டைவிரல், ஸ்னேருக்குப் பதில் கம்பியை இழுத்து விடும் விரல் என்று உண்டாக்கிக்கொண்டது அது.

கம்பி

இரண்டாம் இடம் கம்பிக்கு. பிக்கப்புக்கு முன்னால் இதை வைப்பதில் சிலர் சண்டைக்கு வருவார்கள்; வரட்டும்.

நடுக்கம்பியைச் சுற்றி உருண்டையான மெல்லிய கம்பியைச் சுற்றினால் ரவுண்ட்வவுண்ட். தட்டையான நாடாவைச் சுற்றினால் ஃப்ளாட்வவுண்ட். ஃப்ளாட் தொட வழுவழுப்பாக இருக்கும், விறைப்பு அதிகம், மேல் அதிர்வுகள் சீக்கிரம் அடங்கும். ரவுண்டில் பியானோ போலப் பளபளப்பு, நீண்ட ஒலிப்பு, விரல் நகரும்போது கீச்சென்ற சத்தம். ராக் இசையில் ரவுண்ட் பரவியதற்கு 1966-ல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விஸ்டல் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து, தனக்குப் பிடிக்கும்வரை கம்பியைத் திருத்த வைத்தது ஒரு முக்கியக் காரணம்.

ஜேமர்சன் போட்டது லா பெல்லா கம்பெனியின் கனமான ஃப்ளாட்வவுண்ட். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். வருஷக்கணக்கில் கை அழுக்கேறிய கம்பி, போதாததற்குப் பிரிட்ஜ் மூடிக்குள் ஒரு ஸ்பான்ஜ். அந்த 'தும்' ஒலியின் பாதி ரகசியம் இந்த இரண்டும்தான். ஜாக்கோ போட்டது ரோட்டோசவுண்டின் ரவுண்ட்வவுண்ட். அதையும் ஃபிரெட்டுகள் பிடுங்கப்பட்ட பேஸில் போட்டார். சொரசொரப்பான கம்பி வெறும் மரத்தை அரித்துவிடும் என்பதால், படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை விரல்பலகை மேல் பூசினார். மரத்தைக் காக்கப் பூசிய அந்தக் கெட்டியான பரப்பு கம்பியின் ஒலியை இன்னும் பளிச்சென்று ஆக்கிவிட்டது.

எது வாங்கலாம்? ரவுண்டின் பளபளப்பை நம்பி வாங்குகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது நிற்காது. நம் ஊர் வெக்கையில், வியர்வைக் கையோடு தினமும் வாசித்தால் சில வாரங்களிலேயே சுற்றுகளுக்கு இடையில் அழுக்கு ஏறி ஒலி செத்துவிடும். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் கம்பிக்கு மேலும் அடியிலும் துடைத்து வைத்தால் கொஞ்சம் தாங்கும். ஃப்ளாட் விலை அதிகம், ஆனால் வருஷக்கணக்கில் வரும். ஸ்லாப்பும் ராக்கும் வாசிக்கிறவருக்கு ரவுண்ட். பழைய ஸோல் இசை, மெல்லிசை, மேடையில் பாடகருக்குப் பின்னால் நிற்கும் வேலை என்றால் ஃப்ளாட்.

அதற்கு முன், செலவில்லாத ஒரு காரியம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜில் புதிதாக ஒன்றை எடுத்து, பச்சை நிறச் சொரசொரப்புப் பகுதியை நீக்கிவிட்டு, கம்பிகளின் மொத்த அகலத்துக்கு ஓர் அங்குலக் கனத்தில் வெட்டுங்கள். பிரிட்ஜை ஒட்டி, கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். ஸ்பான்ஜ் கம்பியைத் தொட்டால் போதும், தள்ளக்கூடாது. ஸ்வரம் 'தும்' என்று விழுந்து அடங்க வேண்டும். 'டக்' என்று மரக்கட்டை போல வந்தால் ஸ்பான்ஜ் கனம் அதிகம், கொஞ்சம் சீவுங்கள். ரவுண்ட் கம்பியில்கூட இது வேறொரு பேஸையே கொடுத்துவிடும்.

பிக்கப்

இங்கேதான் எதிர்க்கட்சிக்கு நியாயம் இருக்கிறது. பிரிசிஷனில் 1957-லிருந்து இரண்டு துண்டாகப் பிளந்த ஒரே பிக்கப், நெக் முடிகிற இடத்துக்கும் பிரிட்ஜுக்கும் நடுவாக்கில் இருக்கும். கேட்கிற இடம் ஒன்று என்பதால் ஒலி நேரடியாக, கனமாக வரும். 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். இரண்டையும் முழுதாகத் திறந்தால் சில அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நடுப்பகுதி குழிந்து, சுத்தமான ஒலி கிடைக்கும், ஸ்லாப்புக்கு ஏற்றது. நெக் பக்கத்தைக் குறைத்து பிரிட்ஜ் பக்கத்தை மட்டும் விட்டால் ஜாக்கோவின் உறுமல். பிரிசிஷனில் அந்த இடத்தில் பிக்கப்பே இல்லாததால், எவ்வளவு பெரிய விரல்காரரும் அந்த ஒலியை முழுதாகக் கொண்டுவர முடியாது.

1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இன்னொரு வழி: பிரிட்ஜை ஒட்டி ஹம்பக்கர் என்ற ஒரு பெரிய இரட்டைச் சுருள் பிக்கப், உள்ளே பேட்டரியில் ஓடி ஆம்புக்கு முன்பே ஒலியைக் கூட்டும் ப்ரீஆம்ப். பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். பினோ பல்லடீனோ என்ற பேஸ் கலைஞரைக் கேட்டால் கருவி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது புரியும். 1980-களில் ஃபிரெட் இல்லாத ஸ்டிங்ரேயில் குழைந்து பாடியவர், பிற்பாடு ஃப்ளாட்வவுண்ட் போட்ட பிரிசிஷனுக்கு மாறி நேரெதிரான, மந்தமான, பின்தங்கி நடக்கும் ஒலியைப் பிடித்தார். கை அதேதான். "எல்லாம் விரலில்" என்கிறவர்களுக்கு அவர் வாசிப்பே பதில்.

முதல் பேஸ் வாங்குகிறவருக்கு என் பரிந்துரை: ஒரே ஒலி போதும், அது எங்கேயும் உட்கார வேண்டும் என்றால் பிரிசிஷன் வகை. பல ஒலிகளைத் தேடுகிறவருக்கு ஜாஸ் வகை. பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸைக் கொஞ்சம் காது பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மரம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆல்டரா, ஆஷா, மஹோகனியா என்று உடல் மரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மின் பிக்கப் கேட்பது இரும்புக் கம்பியின் அசைவை. 1980-ஐ ஒட்டி வந்த ஸ்டைன்பெர்கர் பேஸில் மரமே கிடையாது. கார்பன் ஃபைபர் கலவையால் ஆனது. அதை வைத்துக்கொண்டு பெரிய பெரிய கலைஞர்கள் மேடை ஏறினார்கள். மரத்தில் கவனிக்க வேண்டியது நெக் ஒன்றுதான். ஃபெண்டர் வகை பேஸ்களில் மேல் ஜி கம்பியின் (சுருதி உயர்ந்த, மெல்லிய கம்பி) 5, 6, 7-ம் ஃபிரெட்டுகளுக்குள் ஏதாவது ஒரு ஸ்வரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்துப்போவது சகஜம். நெக் தானும் அதிர்ந்து அந்தச் சக்தியை உறிஞ்சிவிடுகிறது. கடையில் வாங்கும்போது அந்த மூன்று ஃபிரெட்டையும் ஒவ்வொன்றாக நீட்டி ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

ஆம்ப், அப்புறம் பேண்ட்

ஜேமர்சன் மோடவுனில் வாசித்தது பெரும்பாலும் ஆம்பே இல்லாமல், நேராக மிக்ஸிங் கன்சோலுக்குள். ஜாக்கோவின் மேடை ஒலியில் அக்கூஸ்டிக் 360 ஆம்புக்கும் அதன் 18 அங்குல ஸ்பீக்கருக்கும் பங்கு உண்டு. 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்பைத் திருகிவிட்டால் வரும் கரகரப்பை வேறெதிலும் அப்படியே பிடிப்பது கஷ்டம். ராக் வாசிக்கிறவருக்கு ஆம்ப் வாத்தியத்தின் பாதி. மற்றவர்களுக்கு, பேஸை நேராக மிக்ஸரில் இணைக்கும் நல்ல டிஐ பாக்ஸ் ஒன்று போதும். இன்றைக்கு நம் மேடைகளில் பேஸ் எப்படியும் டிஐ வழியாகத்தான் மிக்ஸருக்குப் போகிறது.

ஆம்பில் எல்லோரும் செய்யும் தப்பு, அறையில் தனியாக வாசித்து ஈக்யூவை, அதாவது தாழ் (லோ), நடு (மிட்), உச்ச (ஹை) ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் நாப்களை, வைப்பது. தனியாகக் கேட்கும்போது லோவையும் ஹையையும் ஏற்றி மிட்டைக் குறைத்தால் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் காணாமல் போய்விடும். லோவைக் கிக் டிரம் தின்றுவிடும், ஹையை சிம்பல் தின்றுவிடும், மீதி வைத்திருந்த மிட்டையும் நீங்களே குறைத்துவிட்டீர்கள். கீழ் ஈ கம்பியின் அந்த 41 அதிர்வை ஃபோன் ஸ்பீக்கரோ சின்ன டிவியோ எழுப்பவே எழுப்பாது. அங்கே கேட்கிறவரின் காது துணை அதிர்வுகளை வைத்துத்தான் அடிப்படை ஸ்வரத்தை ஊகிக்கிறது. எனவே ஒத்திகையில், டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எல்லா நாபையும் நடுவில் வைத்துவிட்டு மிட்டை மட்டும், அதாவது 400-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை, கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாகத் தெரியும். அதற்காகப் பயந்து திரும்பக் குறைத்துவிட வேண்டாம். ஹாலின் பின்வரிசையில் ஒருவரை நிற்கவைத்து, பேஸ் வரி புரிகிறதா என்று அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.