நாபாவா, சோனோமாவா? அப்பாவும் மகனும் காரில் போக எது தோது

கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்களும் ஒயின் ஆலைகளும் நிறைந்த பகுதிக்கு அப்பாவும் வளர்ந்த மகனும் காரில் கிளம்பினால், நாபா பக்கம் போவதா சோனோமா பக்கம் போவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். இரண்டும் அடுத்தடுத்த கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி), நடுவில் மயகாமாஸ் மலை. நான் சோனோமா கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நாபா பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர்தான். மேற்கில் 29-ஆம் எண் நெடுஞ்சாலை, கிழக்கில் சில்வராடோ டிரெயில். முன்னதில் நெரிசல் அதிகம், அதனால் பின்னதில் போங்கள். 1976-இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் லேபிளைப் பார்க்காமல் ருசித்து முதலிடம் கொடுத்த இரண்டு ஒயின்களும் இங்கே பிறந்தவை. சிவப்பு, ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லார்ஸுடையது. வெள்ளை, கலிஸ்டோகாவில் உள்ள ஷாட்டோ மான்டெலீனாவுடையது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, அப்பாவுக்கு கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் பிடிக்கும் என்றால் நாபாவே சரி.

ஆனால் அங்கே பெரும்பாலான ஒயினரிகளில் (ஒயின் தயாரிக்கும் இடங்கள்) முன்பதிவு வேண்டும், ருசிபார்க்கும் கட்டணமும் பொதுவாகக் கூடுதல். பதினொரு மணிக்கு ஒன்று, ஒன்றரைக்கு ஒன்று என்று நேரம் குறித்துவிட்டால், பேச்சு சூடுபிடிக்கும்போது எழுந்து ஓட வேண்டியிருக்கும்.

சோனோமா பரப்பில் நாபாவைப் போல இரு மடங்குக்கும் மேல். டிரை க்ரீக்கில் ஜின்ஃபாண்டெல் திராட்சை, ரஷ்யன் ரிவர் பக்கம் பினோ நுவார் திராட்சை, ஆம்ஸ்ட்ராங் காட்டில் ஆயிரம் ஆண்டு தாண்டிய ரெட்வுட் மரங்கள், அப்புறம் போடேகா பே போனால் பசிபிக் கடல். அதாவது காருக்குள் இருக்கும் நேரம் அதிகம். பல பேர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் பெரிய லாபம். எதிரெதிரே உட்கார்ந்தால் வாயே திறக்காத அப்பாக்கள்கூட, இருவர் கண்ணும் சாலையில் இருக்கும்போது தன் வேலையைப் பற்றி, கடனைப் பற்றி, தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

க்ளென் எலனில் எழுத்தாளர் ஜாக் லண்டன் பெயரிலுள்ள பூங்காவைத் தவறவிடாதீர்கள். மரநிழலில் கொஞ்ச தூரம் நடந்தால் அவர் ஆசையாகக் கட்டிய வுல்ஃப் ஹவுஸ் வரும். 1913-இல், குடிபோகும் முன்பே எரிந்துபோன வீடு. கரடுமுரடான எரிமலைக்கல் சுவர்களும் புகைபோக்கிகளும் மட்டும் கூரையில்லாமல் நிற்கின்றன. இங்கே ஒரு சொட்டு ஒயின் கிடையாது. ஆனாலும் எந்த ருசிக்கூடத்தையும்விட இங்கே அதிக நேரம் செலவழிக்கத் தோன்றும்.

குடும்பக் கதைகளும் இரண்டு பக்கமும் உண்டு. சோனோமாவில் 1857-இல் புவேனா விஸ்டா ஒயினரியைத் தொடங்கிய ஹராஸ்தி, மகன் ஆர்பாடை பிரான்சில் ஷாம்பெயின் தொழில் கற்க வைத்தார். நாபாவில் சேசரே மொண்டாவி 1943-இல் சார்லஸ் க்ரக் ஒயினரியை வாங்கினார். அவர் போன சில ஆண்டுகளில் மகன்கள் ராபர்ட்டும் பீட்டரும் கைகலந்தார்கள். ராபர்ட் வெளியேறி 1966-இல் சொந்தமாகத் தொடங்கினார்.

எங்கே போனாலும் யார் ஓட்டுவது என்பதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். ருசித்துவிட்டு அதில் துப்புவதை யாரும் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். மகனுக்கு 21 வயது ஆகவில்லையென்றால் ருசிபார்க்க அனுமதியே இல்லை, அப்போது சோனோமாவின் காடும் கடலும்தான் கைகொடுக்கும்.

இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் நாபா. மறுநாள் காலை ஓக்வில் கிரேடு வழியாக மலை ஏறி க்ளென் எலன் பக்கம் இறங்குங்கள். குறுகலான, வளைவுகள் நிறைந்த ஏற்றம் அது, நிதானமாக ஓட்டுங்கள்.