எதுகையா, மோனையா: முதலில் எதைப் பழக்குவது?

பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியில் மரபுக்கவிதை எழுத ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாப்புச் சொல்லிக்கொடுக்கையில், எதுகையில் தொடங்குவதா, மோனையில் தொடங்குவதா என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. நான் மோனையைத் தேர்ந்துகொண்டேன்.

முதலெழுத்து ஒன்றுவது மோனை. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை. 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்ற குறளில் முதலடியின் நான்கு சீரும் மோனையால் கோக்கப்பட்டிருக்கின்றன. கற்க, நிற்க என்று இரண்டு அடிகளையும் எதுகை பூட்டுகிறது. ஓசை இனிமையில் எதுகைக்கே முதலிடம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

எதுகை இந்தக் கேரள எல்லைப்பகுதிக்கு அந்நியமும் அன்று. 14ஆம் நூற்றாண்டின் மணிப்பிரவாள இலக்கண நூலான லீலாதிலகம் 'பாட்டு' என்ற செய்யுள் வகைக்கு எதுகை, மோனை இரண்டையுமே இலக்கணமாகச் சொல்கிறது. பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகளிடம் துவிதீயாட்சரப் பிராசம் (இரண்டாமெழுத்து ஒன்றுதல்) என்று சொன்னால் எதுகை உடனே பிடிபட்டுவிடும். ஆனால் அதே மலையாளத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்தப் பிராசம் கவிதைக்குக் கட்டாயமா என்று பெரிய வாதம் எழுந்தது. கவிஞர் கேரளவர்ம வலிய கோயித்தம்புரான் அதை ஆதரித்தார்; அவருடைய உறவினரும் மாணவருமான ஏ. ஆர். ராஜராஜவர்மா எதிர்த்தார். ஓசைக்காகப் பொருளை வளைக்கலாமா என்பதே அந்த வாதத்தின் உட்கரு. என் வகுப்பிலும் அதுவே தீர்மானிக்கிறது, குறிப்பாகத் திருத்தி எழுதும்போது.

ஒரு பிள்ளை இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

காற்று நுழையும் கணவாய் வழியே
ஆற்றில் இறங்கி அணையும் வயலை

எதுகையும் மோனையும் சரியாக அமைந்துவிட்டன. ஆனால் எழுதியவர் சொல்ல நினைத்தது ஆற்றை அன்று, காற்றில் சலசலக்கும் பனைகளை. இரண்டாம் அடியை மாற்றப் போனால், 'காற்று' என்ற சொல் நாற்று, ஊற்று, சேற்று, கீற்று என்ற சிறு கூட்டத்துக்குள்தான் துணை தேடச் சொல்கிறது. அவற்றில் பனைக்கு அருகே வருவது கீற்று ஒன்றே. 'கீற்றை உலுக்கிக் கிழிக்கும் பனையில்' என்று எழுதினால் எதுகையும் மோனையும் பழுதின்றி நிற்கும். ஆனால் பனைக்கு ஓலை, தென்னைக்குத்தான் கீற்று என்பதை இங்கே தோட்டம் வைத்திருக்கும் எவரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். எதுகையை விட்டு மோனையை மட்டும் வைத்துக்கொண்டால், 'பனையின் ஓலையைப் பற்றி உலுக்கும்' என்று பொருளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பனையின், பற்றி என்று ஓசை அந்த அடிக்குள்ளேயே அமைந்துவிடுவதால், முதலடியைத் தொட வேண்டியதே இல்லை. எதுகையில் ஒரு சொல்லை மாற்றினால் இரண்டு அடிகளைப் பிரிக்க வேண்டியிருக்கும். நாலடி விருத்தமானால் நான்கையும். அதோடு ச–த, ஞ–ந, ம–வ என்ற இன எழுத்துகளும் மோனையாக ஏற்கப்படுவதால், மழைக்கு வயல் துணையாகிவிடும்.

எழுத்துப்பிழை விஷயத்திலும் மோனை பாதுகாப்பானது. ற, ன, ள, ழ ஆகியவை தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆகவே கரையையும் கறையையும் ஒன்றாக ஒலிக்கும் பிள்ளை எதுகையில் தடுக்கி விழுமே தவிர மோனையில் விழாது. (மலையாளம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு ரகரங்களையும் பிரித்தே ஒலிப்பதால் இதில் தப்பித்துக்கொள்கிறார்கள்.)

இந்த வரிசை எல்லாப் பாவகைக்கும் செல்லும் என்று நான் சொல்லமாட்டேன். ஆசிரியப்பாவில் பழக்கிய அளவுக்கு விருத்தத்திலோ மெட்டுக்கு எழுதும் பாடலிலோ எனக்குப் பழக்கமில்லை. அடிதோறும் எதுகையை எதிர்பார்க்கும் விருத்தத்துக்கு மோனை மட்டும் போதாது என்பது வெளிப்படை. அதனால் ஆசிரியப்பாவை மோனையோடு தொடங்கி, திருத்தும் கை பழகிய பின், எதுகையைக் குறள் வெண்பாவில் சேர்க்கிறேன். இரண்டே அடிகள் என்பதால், சொல் கிடைக்காவிட்டால் முழுவதையும் கலைத்து எழுதுவதும் பெரிய வேலையன்று.